ஃபிகர் ஸ்கேட்டிங் ஆண்கள் பிரிவில் கலைக்கு மதிப்பா, தாவலுக்கா?

இது ஐஸ் தரையில் சறுக்கி ஆடும் போட்டி; யாழ்ப்பாணத்தில் ஐஸ் என்றால் நல்லூரடி ஐஸ்கிரீம்தான். சரி, கேள்விக்கு வருவோம்.

இப்போதைய முறையில் தாவலுக்குத்தான் மதிப்பு என்பேன். கலைப் பக்கம் அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் மூன்றுக்கும் அதிகபட்சம் தலா 10 புள்ளி. நீள ஆட்டத்தில் (இரண்டு சுற்றில் நீளமானது) அந்தக் கூட்டை 3.33ஆல் பெருக்கினாலும் 100ஐத் தாண்டாது. தாவல் பக்கம் அப்படி மூடி கிடையாது. காற்றில் மூன்றரை முறை சுழலும் ட்ரிபிள் ஆக்சலுக்கு அடிப்படைப் புள்ளி 8, நாலரை முறை சுழலும் குவாட் ஆக்சலுக்கு 12.5.

தவில்காரர் தனியில் வெளுத்து வாங்கினால் வீதியே எழும்பும். நாதஸ்வரத்தில் தோடி இழைந்ததை ஓரத்தில் இருக்கிற நாலு கிழவர்தான் கவனிப்பார்கள். அதே கதை.

ஆனால் 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் குவாட் (நாலு சுழற்சித் தாவல்) போட்ட ரஷ்யாவின் பிளுஷென்கோ, குவாடே போடாத அமெரிக்காவின் லைசாசெக்கிடம் 1.31 புள்ளியில் தோற்றார். கலை வென்றது என்பார்கள். இல்லை. நீள ஆட்டத்தில் இருவருக்கும் கலைப் புள்ளி ஒன்றே, 82.80! லைசாசெக் சுத்தமாக இறங்கினார், பிற்பாதித் தாவல்களுக்குரிய கூடுதல் புள்ளியையும் அள்ளினார்.