மனைக்கு முதல் கரண்ட்: டெம்பரரி சர்வீஸ் முதல் வீட்டு மீட்டர் வரை – கேள்வி-பதில்

கேள்வி: செங்கல்பட்டு பக்கம் காலி மனையில் 1,100 சதுர அடியில் வீடு கட்டப்போகிறோம். பக்கத்து வீட்டுக்காரர், "எங்க மீட்டரிலிருந்தே ஒயர் இழுத்துக்கோங்க, மாசம் ஏதாவது கொடுங்க போதும்" என்கிறார். டெம்பரரி சர்வீஸ் (கட்டுமானத்துக்கான தற்காலிக மின் இணைப்பு) வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாங்கத்தான் வேண்டும். அவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் ஆய்வுக்கு வந்தால் மாட்டுவது நீங்கள் இல்லை, அவர்தான். அவருடையது வீட்டுக் கட்டணப் பிரிவு. கட்டுமானம் தற்காலிகப் பிரிவில் வருகிறது. அதற்கு யூனிட்டுக்கே 12 ரூபாய்க்கு மேல். ஒரு பிரிவில் வாங்கிய மின்சாரத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்தினால், 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடலாம். எப்போதிலிருந்து ஓடுகிறது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். பில் அவர் பெயரில் வரும், முகம் கோணுவது உங்களிடம்.

ஏற்கெனவே சர்வீஸ் இருக்கும் சொந்த வீட்டில் மாடி எடுக்கிறவர்கள் கதை வேறு. அதே வளாகத்தில் 2,000 சதுர அடிக்குள் கூடுதல் கட்டுமானம் என்றால் இருக்கிற சர்வீஸிலேயே முடிக்கலாம். காலி மனைக்கு அந்தச் சலுகை இல்லை.

டெம்பரரிக்கு விண்ணப்பிக்கும் முன்பே மீட்டர் இடத்தை முடிவு செய்துவிடுங்கள். சைட்டில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மரச்சட்டத்தில் ஒரு பலகை அடித்து மூலையில் நிறுத்திவிடுகிறார்கள். வீடு முடிந்ததும் மீட்டரை இடம் மாற்றத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். அதற்குப் பதில் கேட் ஓரத்தில், நிரந்தர மீட்டர் எங்கே இருக்கப்போகிறதோ அங்கேயே செங்கல் தூண் எழுப்பி, மேலே மழைச்சாரல் படாமல் சின்ன சன்ஷேடு போட்டுப் பெட்டியை வையுங்கள். பிறகு கட்டணப் பிரிவை வீட்டுக்கு மாற்றினால் போதும், மீட்டர் நகராது.

அந்த மாற்றத்துக்கும் பால் காய்ச்சும் நாள் வரை காத்திருக்காதீர்கள். விண்ணப்பித்து, ஆய்வு முடிந்து, பிரிவு மாறும்வரை ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டும் தற்காலிக விலைதான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் மாறிய பிறகே. குடிபோய் ஆறு மாதம் கழித்து, பில்லைப் பார்த்து விழிப்பவர்கள் ஏராளம்.

கேள்வி: வயர்மேன், "மூணு கிலோவாட் போட்டு சிங்கிள் பேஸ் வாங்கிடலாம், டெபாசிட் மிச்சம்" என்கிறார். ஒரு ஏசி, ஒரு கீசர், ஒரு போர் மோட்டார் வைக்கப்போகிறோம். சரியா?

பதில்: கூட்டிப் பாருங்கள். கீசர் 2,000 வாட். ஒன்றரை டன் ஏசி சுமார் 1,600. ஒரு ஹெச்.பி. மோட்டார் 746. இந்த மூன்றே 4,346 வாட். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், லைட் இன்னும் கணக்கில் வரவில்லை. தமிழ்நாட்டில் 4 கிலோவாட் தாண்டினால் மூன்று பேஸ். உங்களுக்கு அதுதான்.

லோடு (மொத்த மின் பளு) கூடினால் வளர்ச்சிக் கட்டணமும் டெபாசிட்டும் கூடும், உண்மை. அதற்காக குறைத்து எழுதினால் பிறகு கூடுதல் லோடுக்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி பணம், ஒற்றை பேஸ் மீட்டரைக் கழற்றி மாற்றும் வேலை. மெயின் ஒயரும் மாற வேண்டியிருக்கும். பூசிய சுவரை உடைக்கும் செலவை வயர்மேன் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்.

மூன்று பேஸ் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். ஏசி ஒரு பேஸில், கீசர் இன்னொன்றில், மோட்டார் மூன்றாவதில் என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் பொது ஒயர்) ஜாயின்ட்டை நீங்களே நின்று பார்த்து முறுக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் கழன்றால், 230 வோல்ட் வர வேண்டிய பாயின்ட்டில் 400-ஐ நெருங்கிக்கூட ஏறும். டிவி, ஃபிரிட்ஜ், எல்இடி எல்லாம் ஒரே இரவில் போவது பெரும்பாலும் இதனால்தான்.

கேள்வி: ஆய்வுக்கு வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? எதனால் திருப்பி அனுப்புகிறார்கள்?

பதில்: காகிதத்தில் பத்திரம் அல்லது சொத்து வரி ரசீது, ஆதார், உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்ட சோதனை அறிக்கை. கட்டுமானம் என்றால் கட்டட அனுமதியும் தயாராக இருக்கட்டும். விண்ணப்பத்தில் ஒரு பெயர், பத்திரத்தில் இன்னொரு இனிஷியல் என்றால் அங்கேயே நின்றுவிடும்.

இடத்தில் எர்த் குழி. கால்வனைஸ்டு பைப் என்றால் குறைந்தது 38 மி.மீ. உள்விட்டம், 2.5 மீட்டர் நீளம், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி. அரை பைப்பை மட்டும் புதைத்து மேலே சிமென்ட் பூசினால் கண்ணுக்குத் தெரியாது, எர்த்தைச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர். புது சர்வீஸுக்குக் கட்டாயம். "ட்ரிப் ஆகிட்டே இருக்கு" என்று வயர்மேன் அதை நேராக இணைத்துவிட்டுப் போனால் விடாதீர்கள். பெரும்பாலும் இன்வெர்ட்டர் நியூட்ரலும் வீட்டு நியூட்ரலும் ஒன்றாகக் கலந்திருக்கும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு பெட்டியில் நியூட்ரல் எர்த்தோடு தொட்டிருக்கும். கருவியில் குறை இல்லை, இணைப்பில்தான் குறை. ஆர்சிசிபி ஓவர்லோடைத் தடுக்காது என்பதால், அதைத் தடுக்கும் எம்சிபி சுவிட்ச் தனியாக வேண்டும்.

போஸ்ட்டிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டர் தாண்டினால் புதிய கம்பம், அதாவது அந்தச் செலவுக்குத் தனி எஸ்டிமேட். டேப் பிடித்து முன்பே அளந்துவிடுங்கள். மனை மேல் லைன் போனால் வரைபடத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்: தாழ்வழுத்த லைனுக்கு (வீடுகளுக்குக் கரண்ட் தரும் தெரு லைன்) பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 2.5 மீட்டர் இடைவெளி. பால்கனி எழும்பிய பிறகு லைனை நகர்த்துவது உங்கள் செலவு.

கேள்வி: கான்ட்ராக்டர் "எல்லாம் சேர்த்து" ஒரு தொகை கேட்கிறார். எது நியாயமான கணக்கு?

பதில்: பதிவுக் கட்டணம், சர்வீஸ் இணைப்புக் கட்டணம், மீட்டர் காப்புத்தொகை, பாதுகாப்பு டெபாசிட், வளர்ச்சிக் கட்டணம். மின் பகிர்மானக் கழகத்துக்குப் போவது இவைதான், எல்லாம் ஆன்லைனில் உங்கள் பெயரில் ரசீதோடு. டெபாசிட்டுக்கு வட்டி உண்டு. கான்ட்ராக்டருக்கு வயரிங் கூலி, பொருள், சோதனை அறிக்கை மட்டும். இரண்டையும் கலந்து பேசுகிறவரிடம் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: வாங்கிய மனையில் பழைய துண்டித்த சர்வீஸ், பாக்கி இருக்கிறது. எங்கள் தலையில் விழுமா? பணம் கட்டி எத்தனை நாளில் கரண்ட்?

பதில்: விழலாம். விதி அனுமதித்தால் பழைய பாக்கியை அந்த இடத்தின் புது உரிமையாளரிடம் கேட்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பத்திரப்பதிவுக்கு முன் பழைய மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாக்கியைப் பாருங்கள். இருந்தால் கிரயத் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு: 2024-இல் திருத்திய மத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி பெருநகரில் 3, நகராட்சியில் 7, கிராமத்தில் 15 நாள், மலைப்பகுதி கிராமத்தில் 30. கம்பமோ லைனோ புதிதாகப் போட வேண்டியிருந்தால் கூடும். தாண்டினால் மின் புகார் மையமான மின்னகம் 94987 94987-இல் புகார் எண் வாங்குங்கள். பலன் இல்லையா, வட்ட அளவிலான நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். ரசீதில் உள்ள தேதியிலிருந்து எண்ணுவார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள்.