டொராண்டோ குளிர்காலத்தில் அலாய் (அலுமினியக் கலவை) வீல் வெள்ளையாகப் பூத்துவிட்டது, ஒரு டயரில் அடிக்கடி காற்றும் இறங்குகிறது. பாலிஷ் போட்டால் போதுமா?

போதாது. காற்று இறங்குவதை முதலில் கவனியுங்கள், வெள்ளைப் பூப்பு காத்திருக்கும். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு செய்யும் பெரிய சேதமெல்லாம் வீலின் முகத்தைவிட டயருக்கு உள்ளேயும் வீலுக்குப் பின்னாலும்தான் நடக்கிறது.

வெப்பநிலை 5, 6 டிகிரி குறைந்தாலே டயரில் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். நான்கிலும் ஒரே அளவு குறைந்தால் அது குளிரின் வேலை. ஒன்றில் மட்டும் குறைந்தால் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ரிம் ஓரத்தில் குமிழி வந்தால், டயர் ரிம்மில் அழுந்தி உட்காரும் இடத்தில் அலுமினியம் அரித்து, வெள்ளைத் தூளாகி, டயரைச் சரியாக ஒட்டவிடாமல் தள்ளுகிறது என்று அர்த்தம். டயரைக் கழற்றி, அந்த இடத்தை வயர் பிரஷ்ஷால் சுத்தமான உலோகம் தெரியும்வரை தேய்த்து, பீட் சீலர் (டயர் ஓரத்தில் காற்றுக் கசியாமல் அடைக்கும் பசை) தடவி மாட்டச் சொல்லுங்கள். காற்று மட்டும் அடித்து அனுப்பினால் அடுத்த வாரமே திரும்பப் போகவேண்டியிருக்கும்.

குமிழி வால்வில் வந்தால் கதை வேறு. டயர் பிரஷர் சென்சார் உள்ள பல கார்களில் வால்வுத் தண்டு அலுமினியம். அதற்குள் சாதாரணப் பித்தளைக் கோர் (காற்றை அடைத்து நிற்கும் உள் ஊசி) போட்டால் உப்புத் தண்ணீரில் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று இறுகிவிடும். நிக்கல் பூசிய கோர் போடுங்கள். மூடி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். பார்க்க அழகான உலோக மூடிகள் வசந்தத்தில் கழறவே கழறாது, பலவந்தம் செய்தால் தண்டே ஒடியும்.

இரு உலோகங்களின் இதே சண்டை வீலுக்கும், அது மாட்டப்படும் ஹப்புக்கும் நடுவிலும் உண்டு. ஹப் இரும்பு, வீல் அலுமினியம், நடுவில் உப்புத் தண்ணீர்: அரிபடுவது அலுமினியம். நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் ஆகி, நட்டுகளை எல்லாம் கழற்றிய பிறகும் வீல் அசையாமல் நிற்பது இதனால்தான். டயர் மாற்றும்போது ஹப்பின் முகத்தைத் தேய்த்து, ஆன்டி சீஸ் (உலோகங்கள் இறுகி ஒட்டாமல் காக்கும் பசை) மிக மெல்லியதாகத் தடவச் சொல்லுங்கள். போல்ட் மரையில் மட்டும் படக்கூடாது, பட்டால் டார்க் (நட்டை இறுக்கும் முறுக்கு விசை) கணக்கு தவறி நட்டு அளவுக்கு மீறி இறுகும்.

சரி, வெளியே பூத்த வெள்ளைக்கு வருவோம். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாக உருவாகும் ஆக்ஸைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைக்கும். கல் பட்டு கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) தெறித்த ஒரு புள்ளி போதும், அதன் வழியே அரிப்பு இறங்கி, கோட்டுக்கு அடியில் வெள்ளைக் கோடுகளாக நெளிந்து பரவும். பாலிஷ் அந்த ஆழத்துக்குப் போகாது. சுரண்டி, தேய்த்து, பிரைமரிலிருந்து புதிதாகப் பூசவேண்டும். கோடையில் நிதானமாகச் செய்யலாம். நட்டு உட்காரும் இடத்தில் ஆழமான குழியோ, எங்காவது விரிசலோ தெரிந்தால் பூச்சு வேலையில் பணம் போடாதீர்கள், அந்த வீலையே மாற்றுங்கள்.

இனி வராமல் தடுக்க, கழுவுவதுதான் மலிவான வழி. வெறும் கல் உப்பு மைனஸ் 9 டிகிரி வாக்கில் சோர்ந்துவிடும் என்பதால், கடுங்குளிரில் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு போன்றவற்றையும் பயன்படுத்துகிறார்கள். இவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து, உலோகத்தை ஈரமாகவே வைத்திருக்கும். உறைநிலைக்கு மேல் வரும் ஒவ்வொரு நாளும் வீலின் உள்பக்கத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் அடியுங்கள். காரைச் சூடான கராஜில் நிறுத்துபவர்கள் இன்னும் அடிக்கடி கழுவவேண்டும், சூட்டில் அரிப்பு வேகமாகும். அமிலம் கலந்த வீல் கிளீனர் வேண்டவே வேண்டாம், அது கிளியர் கோட்டையே தின்னும்.

முடிந்தால் குளிர்கால டயரைத் தனி இரும்பு ரிம்மில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். துரு பிடித்தாலும் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடலாம், அலாயும் உப்பைப் பார்க்காமல் பிழைக்கும். பக்கத்து கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் 2016 முதல் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள். அப்புறம், வீலைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளின் டார்க்கை மறுபடி சரிபாருங்கள்.