கேளுங்கள், சொல்கிறோம்: சிறப்பு வகுப்புக்குத் தொண்டராகப் போகுமுன்

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் சிறப்புக் குழந்தைகளுக்கு வாரம் இரண்டு நாள் உதவ ஆசை. சிறப்புப் பயிற்றுநர் முறைவைத்துத்தான் வருகிறார். நேரே போய் உட்கார்ந்துவிடலாமா?
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை அலுவலகமான வட்டார வள மையத்துக்குப் போய்ச் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். ஒன்றியத்தின் பல பள்ளிகளையும் சுற்றி வருகிறவர் அவர். அவர் வராத நாளில்தான் உங்கள் கை தேவை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதியிருப்பார். நீங்கள் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம், அதில் உள்ள இலக்கையே தொடருங்கள்.

அவரிடமும் தாயிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. வலிப்பு வருமா, என்ன மருந்து? விழுங்குவதில் சிரமம் உண்டா? சிறுநீர் வருவதை எப்படிக் காட்டுவான்? எதற்குப் பயப்படுவான்? வீட்டில் எந்தச் சொல்லில் கூப்பிடுகிறார்கள்? "இங்கன வா" என்று கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் புத்தகத் தமிழ் பேசினால் ஒட்டாது.

முதல் வாரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது, படம் எடுத்துப் பகிரக் கூடாது. கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவது என்பதைப் பள்ளி முடிவு செய்யட்டும். சொன்ன கிழமையில் தவறாமல் போக முடியுமா என்று யோசித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். எதிர்பார்த்த ஆள் வராவிட்டால் சில பிள்ளைகளுக்கு அந்த நாளே குலைந்துபோகும்.

கேள்வி: ஒரு பையன் நான் கையைப் பிடித்தால்தான் எதையும் செய்கிறான். விட்டால் அப்படியே நிற்கிறான். எங்கே தப்பு?
— வாசகி, சேரன்மகாதேவி

தொண்டர் வரும் வகுப்புகளில் அதிகம் நடப்பது இதுதான். அன்போடு செய்யும் உதவியே பிள்ளையைக் கட்டிப்போட்டுவிடுகிறது. ஒரு முறை சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பலருக்குக் கேட்டதைப் புரிந்து உடம்பை அசைக்கவே அவ்வளவு நேரம் ஆகும். மூன்றாவது நொடியில் நீங்கள் மறுபடி சொன்னால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கை கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறப்பது, நனைப்பது, சோப்பு எடுப்பது, இரு கையும் தேய்ப்பது, அலசுவது, மூடுவது, துடைப்பது என்று ஏழு படிகள். முதல் ஆறையும் அவன் கையோடு உங்கள் கை வைத்துச் செய்துவிட்டு, துடைப்பதை மட்டும் அவனுக்கு விடுங்கள். வேலை முடிந்த நிறைவு அவனுக்குக் கிடைக்கும். அது கைவந்த பிறகு மூடுவதையும் விடுங்கள், இப்படியே கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள். உங்கள் பிடியும் தளர வேண்டும். உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு விரலால் சுட்டுவது மட்டும். ஒவ்வொரு நாளும் எந்தப் படியில் எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்று நோட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் உதவி குறையவே இல்லை என்பது யார் கண்ணிலும் படாது.

இன்னொன்று. நீங்கள் ஒருவிதமாகவும் ஆசிரியர் வேறுவிதமாகவும் செய்தால் பையனுக்கு அது இரண்டு வேலை. படிகளை எழுதிக் குழாயடிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: பள்ளியில் பொருள் எதுவும் இல்லை. நாற்காலிகூடப் பெரியவர்களுக்கானது. காசு செலவில்லாமல் என்ன செய்யலாம்?
— வாசகர், முக்கூடல்

உட்காருவதிலிருந்து தொடங்குங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு நிலைக்காது, கையும் எழுத்துக்கு வராது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய 90 பாகையில் இருக்க வேண்டும். பாதத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அந்த உயரத்துக்குப் பழைய நோட்டுகளை இறுக்கிக் கட்டிக் காலடியில் வையுங்கள். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம் வேண்டும். சறுக்கினால் சைக்கிள் டியூப்பைக் கிழித்து இருக்கையில் விரியுங்கள்.

அட்டைப்பெட்டிகளை ஐந்தாறு அடுக்காக மைதாப் பசையில் ஒட்டினால், வைத்து எழுதச் சாய்வுப் பலகை செய்யலாம். ஓர் அடுக்கின் உள்ளே உள்ள நெளிவு வரி நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் வர வேண்டும், இல்லையென்றால் மடங்கிவிடும். கல்லைப் பாரமேற்றி நன்றாகக் காயவிடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் செய்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும். பைண்டிங் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், எதையும் வாயில் வைக்கும் பிள்ளைகள் உள்ள இடத்தில் கூடவே கூடாது.

எண்ணப் பழக்கப் புளியங்கொட்டையையும் மஞ்சாடியையும் எடுக்காதீர்கள். மூக்கில் போகும், தொண்டையில் அடைக்கும். நம் பக்கத்தில் பனங்கொட்டைக்குப் பஞ்சமா? கழுவிக் காயவைத்தால் போதும், கைநிறையப் பிடிக்கலாம்.

மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு கட்டுக்குள் வராத நிலை) உள்ள பிள்ளைக்கு இதெல்லாம் போதாது. வள மையத்துக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். தென்காசிப் பக்கம் என்றால் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் 1981 முதல் இயங்குகிறது.

கேள்வி: வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்கலாமா?
— வாசகி, நாங்குநேரி

வேண்டாம். இரும்பால் வலிப்பு நிற்காது, இழுக்கிற கையில் காயம்தான் படும். மணியைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள பொருள்களை நகர்த்தி, தலைக்கடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் கூடாது. கைகாலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலும், இதுவே முதல் தடவை என்றாலும் 108.

கேள்வி: கணக்கு எடுத்தாலே ஒரு சிறுமி கத்துகிறாள். வெளியே அனுப்பினால் அடங்கிவிடுகிறாள்.
— வாசகர், அம்பாசமுத்திரம்

கத்தினால் கணக்கிலிருந்து தப்பலாம் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தாகிவிட்டது. இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள்: கத்துவதற்கு முன் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், பிறகு நாம் என்ன செய்தோம். காரணம் கணக்கு என்று உறுதியானால், வேலையை இரண்டே கேள்வியாகக் குறையுங்கள். "போதும்" என்பதற்கு ஒரு பட அட்டை கொடுங்கள். கத்தும் முன்பே அதை எடுத்து நீட்டப் பழக்குங்கள். நீட்டியவுடன் இரண்டு நிமிடம் ஓய்வு தந்தே ஆக வேண்டும். "ஏமாற்றுகிறாள்" என்று அட்டையை மதிக்காமல் விட்டால் மறுநாளே கத்தல் திரும்பிவிடும். படம் புரியாத பிள்ளைக்கு நிஜப் பொருளே அட்டை. சாப்பாட்டுக்கு அவளுடைய தட்டு, விளையாட்டுக்குப் பந்து.

கேள்வி: தாய்மார்கள் பீடி சுற்றுகிறார்கள். வீட்டில் பயிற்சி கொடுங்கள் என்றால் நேரமில்லை என்கிறார்கள்.
— வாசகி, ஆலங்குளம்

உண்மைதானே. ஆயிரம் பீடிக் கணக்கு முடிந்தால்தான் அன்றைக்குக் கூலி. தனியாகப் பயிற்சி நேரம் கேட்காதீர்கள். எப்படியும் நடக்கிற ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப்போய் வைப்பது, பள்ளிச் சட்டையின் கடைசிப் பொத்தானைத் தானே போடுவது, இப்படி மாதத்துக்கு ஒன்று. பொத்தான் துளை இறுக்கமாக இருந்தால் அதை ஓர் இழை பெரிதாக்கித் தைத்துக் கொடுத்துவிடுங்கள். புகையிலைத் தூள் பறக்கும் பீடித் தட்டுக்குப் பக்கத்தில் பிள்ளையை உட்காரவைக்க வேண்டாம் என்பதையும் பக்குவமாகச் சொல்லுங்கள்.