கடற்கரை ஊரில் இருந்துகொண்டு 58 வயதில் சைக்கிளில் கொடைக்கானல் ஏற முடியுமா? அதற்குத் தனிப் பயிற்சியாளர் தேவையா?

முடியும். நான் கீழக்கரைக்காரன். 61 வயதில் வத்தலக்குண்டிலிருந்து ஏறினேன். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒருமுறை தோற்றும் இருக்கிறேன்.

அந்த முதல் தடவை பயிற்சியாளர் கிடையாது. மொபைல் செயலியில் கிடைத்த அட்டவணையை அப்படியே பின்பற்றினேன். 220-லிருந்து வயதைக் கழித்து, அதை உச்ச இதயத்துடிப்பாக வைத்து, அதில் இத்தனை சதவீதத்தில் ஓட்டு என்று அது சொல்லும். நானோ ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவன். அந்த மாத்திரை இதயத்துடிப்பை ஏறவிடாது. செயலி கேட்ட எண்ணைத் தொடுவதற்காக மூச்சு முட்ட மிதித்தேன். மலையிலும் அதே வேகம். கொடைக்கானலுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் பெருமாள்மலைக்கு முன்பே தொடை இரண்டும் பிடித்துக்கொண்டு, காய்கறி வண்டியில் ஏறிப் போனேன்.

அப்புறம்தான் மதுரையில் ஒரு பயிற்சியாளரைப் பிடித்தேன். எல்லாம் போன் வழியாகத்தான். அந்தத் தம்பி முதல் நாள் சைக்கிளைப் பற்றிக் கேட்கவே இல்லை. என்ன மாத்திரை, எப்போது தூங்குவீர்கள், முட்டி வலி உண்டா என்றுதான் கேட்டார். இதய மருத்துவரிடம் டிரெட்மில் டெஸ்ட் எடுத்த பிறகே அட்டவணை வந்தது. "இதயத்துடிப்பு மீட்டரை விடுங்க சார். ஓட்டும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடியுதா? அதுதான் உங்க அளவு" என்றார். நம் வயதில் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணம் இதற்குத்தான். மிதி என்று சொல்ல யாரும் வேண்டாம், நாமே மிதிப்போம். இன்றைக்குப் போதும் என்று சொல்ல ஆள் வேண்டும். இளைஞர்களுக்கு மூன்று வாரம் கடினம், ஒரு வாரம் இலேசு என்று வைப்பவர், எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இலேசான வாரம் வைத்தார். நான் சரியாகத் தூங்கவில்லை என்றால் அன்றைய பயிற்சியையே மாற்றிவிடுவார்.

மலைக்கு என்ன செய்வது என்கிறீர்களா? நம்மிடம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கீழக்கரையிலிருந்து ஏர்வாடி தாண்டிச் சாயல்குடி பக்கம் ஓட்டிப் பாருங்கள், காற்று முகத்தில் அறையும். மலை மாதிரியே மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். காற்றுக்கு எதிரே 20 நிமிடம் சீராக, இருக்கையை விட்டு எழாமல், மிதி நிமிடத்துக்கு 60, 65 சுற்று. கொஞ்சம் ஓய்வு. திரும்பவும் 20 நிமிடம். காற்றுக்காகக் குனியாதீர்கள், மலையில் உட்காருவது போல நெஞ்சை விரித்தே உட்காருங்கள். பாம்பன் பாலத்தில் ஏற்றம் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். பாலமே 2.3 கிலோமீட்டர்தான், ஏற்றம் சில நிமிடத்தில் முடிந்துவிடும். வேடிக்கை பார்க்க நிற்கும் வண்டிகளுக்கு நடுவே அங்கே பயிற்சி செய்வது ஆபத்து.

வாரம் இரண்டு நாள் படிக்கட்டு ஏறுவதும், உட்கார்ந்து எழுவதும் உண்டு. வயதானால் தசை தானாகவே குறையும், சைக்கிள் மட்டும் ஓட்டி அதை ஈடுகட்ட முடியாது.

கியரில் கஞ்சத்தனம் வேண்டாம். மிதியோடு இருக்கும் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்திலும் 34 பல் போட்டேன், மிதிப்பது இலேசாகும். முட்டி பிழைத்தது அதனால்தான்.

ஏறிய அன்று வத்தலக்குண்டில் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். சுமார் 55 கிலோமீட்டர், உயரம் ஏறக்குறைய 1,800 மீட்டர் கூடும். முதல் மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாகப் போனேன், அரை மணிக்கு ஒருமுறை கடலை மிட்டாயும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும். வெள்ளி நீர்வீழ்ச்சியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். "பேச முடியுதா சார்?" என்றார். முழு வாக்கியமாகவே பதில் சொன்னேன்.

அக்டோபர், நவம்பர் மழையில் மலைக்குப் போகாதீர்கள். கச்சான் ஓயும்வரை பழகி, பிப்ரவரியில் ஏறுங்கள். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராமல், விட்டு விட்டுப் பிடியுங்கள். சமதரையிலேயே ஓட்டிய நமக்கு அதுவும் புதுசு, ஏறுவதற்கு முன்பே அதையும் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.