பிராகில் ஒரு சனிக்கிழமை

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரில் வேலை பார்க்கிறாள். அடுத்த மாதம் நானும் என் மனைவியும் அவளிடம் போகிறோம். ஒரு சனிக்கிழமை எங்களைப் பிராக் அழைத்துப்போகிறாளாம். காலை ஒன்பதரைக்கு இறங்கி, மாலை ஆறரைக்கு மறுபடி ரயில் ஏற வேண்டும். பார்க்க வேண்டியவை என்று பதினேழு இடங்களைப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறாள். படித்ததும் கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிவந்த வேன்தான் நினைவுக்கு வந்தது. ஒன்பது கோயிலையும் பார்த்தோம். இன்று யோசித்தால் வேன் ஓட்டுநரின் முகம்தான் தெளிவாகத் தெரிகிறது. நீங்கள் இருமுறை பிராக் போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒரு நாளில் ஒரு பழைய ஊரைப் பார்த்துவிட முடியுமா? என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு, சைவம் வேறு.

அன்புடன்,
ரா., தஞ்சாவூர்

அன்புள்ள ரா.,

முடியாது. ஆறு நாள் கொடுத்தாலும் முடியாது. ஆனால் ஒன்பது மணி நேரத்தில் அந்த ஊரின் ஒரு கதையை முழுதாக நடந்து பார்த்துவிடலாம். முதல் முறை போனபோது என்னிடமும் ஒரு பட்டியல் இருந்தது. அந்த நாளில் மிஞ்சியது கருங்கல் பாவிய தெருக்கள் கொடுத்த கால் வலியும், டிராமில் கட்டிய அபராதமும்தான். (டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, மஞ்சள் பெட்டிக்குள் நுழைத்து நேரத்தை அச்சிட்டுக்கொள்ள வேண்டும். பிழை என்னுடையதுதான்.) இரண்டாம் முறை பட்டியலைக் கிழித்துவிட்டு ஒரே ஒரு கதையின் பின்னால் போனேன். அதைச் சொல்கிறேன்.

22ஆம் எண் டிராமைப் பிடித்துக் கோட்டைக்கு மேலே போய்விடுங்கள். கீழேயிருந்து படியேறும் வழியும் உண்டு. உங்கள் மனைவியின் முழங்காலுக்கு அது வேண்டாம். இனி நாள் முழுவதும் இறக்கம்தான்.  உள்ளே எல்லோரும் புனித வீட்டஸ் பேராலயத்துக்குள் பாய்வார்கள். 1344இல் தொடங்கி 1929இல் கட்டி முடித்த கோயில் அது. வெளியே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும் என்பேன். டிக்கெட்டைப் பழைய அரண்மனைக்கு எடுங்கள். அங்கே விளாதிஸ்லாவ் மண்டபம் இருக்கிறது. குதிரையேறிய வீரர்கள் கூரைக்கடியில் ஈட்டிப் போட்டி நடத்திய கூடம். குதிரைகள் ஏறிவருவதற்கென்றே அகலமாக, உயரம் குறைத்துக் கட்டிய படிகள் இன்றும் இருக்கின்றன. மண்டபத்தை ஒட்டிய அலுவல் அறையில் ஒரு ஜன்னல். நம் கதை அங்கே தொடங்குகிறது.

1618 மே 23. பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி) புராட்டஸ்டண்ட் பிரபுக்கள், தங்களை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசின் கத்தோலிக்க நிர்வாகிகளான ஸ்லாவாட்டா, மார்ட்டினிட்ஸ் இருவரையும் இந்த ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிந்தார்கள். கூடவே செயலாளர் பாப்ரீசியுஸையும். ஏறக்குறைய எழுபது அடி உயரம். மூவருமே பிழைத்துக்கொண்டார்கள். தேவமாதா தாங்கிப் பிடித்தாள் என்றது ஒரு கட்சி; குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது மறு கட்சி. செயலாளருக்குப் பின்னாளில் பிரபுப் பட்டம் கிடைத்தது. பட்டப்பெயரின் பொருள் ‘உயர வீழ்ச்சியர்’. அரசாங்கங்களுக்கும் எப்போதாவது நகைச்சுவை வந்துவிடுகிறது. ஜன்னலருகே நின்று கீழே எட்டிப் பாருங்கள். ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர் இங்கிருந்துதான் கிளம்பியது.

அதே 22ஆம் டிராம் மேற்கே போய் நிற்கும் கடைசி நிறுத்தத்தின் பெயர் பீலா ஹோரா, வெண்மலை. பிரபுக்களின் படை தோற்ற இடம் அது: 1620 நவம்பர் 8. இரண்டு மணி நேரத்துக்குள் சண்டை முடிந்துவிட்டது. நீங்கள் அதுவரை போக வேண்டியதில்லை.

மெல்ல இறங்கி வாருங்கள். வழியில் சாப்பாடு. மாவுருண்டையும் இறைச்சிக் குழம்பும்தான் ஊரின் பெருமை. உங்கள் மனைவிக்கு, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி எந்தச் சாதாரண உணவகத்திலும் கிடைக்கும். சர்க்கரை தூவிய உருளை ரொட்டியைப் ‘பழைய பொஹீமியப் பலகாரம்’ என்று தெருவுக்குத் தெரு விற்பார்கள். பழமை பலகையில் மட்டும்தான். பிராகில் அது பரவியது அண்மையில்தான்.

அடுத்தது சார்லஸ் பாலம். 1357இல் அடிக்கல் போட்டது. 516 மீட்டர் நீளம், இரு கைப்பிடிச் சுவர்களிலும் முப்பது சிலைகள். நெபோமுக் யோவான் என்ற புனிதரின் சிலைக்கு அடியிலுள்ள வெண்கலத் தகட்டைத் தொட ஒரு வரிசை நிற்கும். விரல் பட்டுப் பட்டுப் பொன்னாக மின்னுகிறது. நம் கோயில் நந்தியின் காதைப் போல. தொட்டுவிட்டு மறுகரைக்கு நடங்கள். அங்கே கருத்த ஒரு கோபுரம், அடியில் வளைவு வாசல். 1621இல் இந்தக் கோபுரத்தில் பன்னிரண்டு தலைகள் தொங்கின, கூடைகளில்.

யாருடைய தலைகள் என்பதற்குப் பழைய நகரச் சதுக்கம்வரை நடக்க வேண்டும். 1410ஆம் ஆண்டுக் கடிகாரத்தின் முன்னால் கூட்டம் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நிற்கும். மணிக்கொரு முறை எலும்புக்கூடு மணியடிக்க, அப்போஸ்தலர்கள் ஜன்னலில் வந்து போவார்கள். நீங்கள் மூலை திரும்பி, நகர மன்றச் சுவரின் கிழக்குப் பக்கம் போய்த் தரையைப் பாருங்கள். கருங்கல் பாவிய தரையில் வெள்ளைக் கற்கள் சிலுவை சிலுவையாகப் பதிந்திருக்கின்றன. எண்ணினால் இருபத்தேழு. மேலே சுவரில் இருபத்தேழு பெயர்கள். தோற்ற கலகத்தின் தலைவர்களில் இருபத்துநான்கு பேரை 1621 ஜூன் 21 காலையில் இங்கே வாளால் வெட்டினார்கள், மூவரைத் தூக்கிலிட்டார்கள். வெட்டியது ஒரே ஆள். வெட்டுப்பட்டவர்களில் ஒருவர் யான் யெசேனியுஸ், பிராக் பல்கலைக்கழகத்தின் தலைவர். 1600இல் இந்த ஊரில் முதன்முதலாகப் பலர் முன்னிலையில் பிணத்தை அறுத்து உடற்கூறு விளக்கிய மருத்துவர். அவருடைய நாக்கை முதலில் அறுத்தார்கள். இன்னொருவர் ஹாரன்ட், புனித பூமிக்கும் எகிப்துக்கும் போய்வந்து பயண நூல் எழுதியவர், இசையமைப்பாளரும்கூட. பயணக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் அவர் பெயரின் முன்னால் நான் கொஞ்சம் கூடுதலாக நின்றேன்.

நின்ற அரைமணி நேரத்தில் அந்தச் சிலுவைகளின் மேல் பெட்டிகள் உருண்டன, ஒரு குழந்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாண்டி விளையாடியது. எனக்குக் கோபம் வரவில்லை. நானே முதல் முறை அவற்றை மிதித்துக்கொண்டுதான் கடிகாரம் பார்க்க ஓடியிருப்பேன்.

தோற்றவர்களில் பலர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அந்த ஊரில் அது அத்தோடு நின்றுவிடவில்லை. முருகனைப் பற்றியும் சங்கக் கவிதை பற்றியும் எழுதிய கமில் சுவெலபில் 1927இல் பிராகில் பிறந்தவர். 1968இல் சோவியத் டாங்கிகள் வந்த பிறகு அவரும் வெளியேறினார்.

மகளின் பட்டியலில் யூதர் கல்லறைத் தோட்டமும் பிங்காஸ் ஜெபக்கூடமும் கட்டாயம் இருக்கும். சனிக்கிழமை அவற்றைத் திறக்க மாட்டார்கள். அதுவும் நல்லதுதான். நாஜிகள் கொன்ற ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்களைச் சுவர் முழுக்கக் கையால் எழுதிவைத்திருக்கும் கூடம் அது. ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டு அதற்குள் போகக் கூடாது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தத் தலைகளில் பதினொன்று பத்து ஆண்டுகள் கோபுரத்தில் இருந்தன. 1631இல் சாக்சனிப் படை பிராகைப் பிடித்தபோது, கூடவே திரும்பி வந்த அகதிகள் அவற்றை இறக்கி, சதுக்கத்தின் எதிரே இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் டீன் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். சாக்சனியின் தலைநகர் உங்கள் மகள் வசிக்கும் ட்ரெஸ்டன்தான்.

மாலை ரயிலில் போகும் திசைக்கு வலப்பக்க ஜன்னலில் இடம் கேட்டு வாங்குங்கள். பாலத்துக்கு அடியில் ஓடும் வல்தாவா, வடக்கே மெல்னிக்கில் எல்பே ஆற்றில் கலக்கிறது. மலைகளுக்கு நடுவே ரயிலும் ஆறும் ஒட்டியே போகும். இருட்டும்வரை அந்தத் தண்ணீர் உங்கள் பக்கத்தில்தான் வரும்.