சாக்கடை நீரைச் சுத்தம் செய்து குடிநீராக்குவது நடக்கிற காரியமா?

நடக்கும். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 2008 முதல் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஆலையிலிருந்து நேராக வீட்டுக் குழாய்க்கு வருவதில்லை, நடுவில் பூமி இருக்கிறது.

அங்கே மழை குறைவு, கொலராடோ ஆற்றிலிருந்து வரும் தண்ணீரை மட்டும் நம்ப முடியாது, நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளியதில் கடல்நீர் வேறு உள்ளே வர ஆரம்பித்துவிட்டது. அதனால் நீர் வாரியமும் கழிவுநீர் வாரியமும் கைகோத்தன (இரண்டு துறைகள் ஒத்துப்போவதே அதிசயம்தான்). ஒரு சுற்று சுத்திகரித்துக் கடலில் விட்டுக்கொண்டிருந்த நீரை நுண்வடிகட்டியில் விட்டு, அப்புறம் நம் வீட்டு ஆர்ஓ மாதிரியே ஆனால் பிரம்மாண்டமான அமைப்பில் தள்ளி, கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து புற ஊதா ஒளி காட்டுகிறார்கள். வெளியே வரும் நீரில் தாது உப்பே கிட்டத்தட்ட இருக்காது, அப்படியே விட்டால் சிமென்ட் குழாயையே அரிக்கும் என்பதால் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள்! இதில் ஒரு பங்கு கடலோரக் கிணறுகளில் இறங்கி உப்புநீரைத் தடுக்கிறது, மீதி அனாஹைம் நகரத்துப் பக்கத்துக் குளங்களில் ஊறி நிலத்தடிக்குப் போகிறது, அங்கிருந்து இறைத்துத்தான் குடிநீராகக் கொடுக்கிறார்கள்.

தொடக்கத்தில் நாளுக்கு 7 கோடி கேலன், 2023இல் 13 கோடி, அதாவது ஏறக்குறைய 49 கோடி லிட்டர். என்னைக் கேட்டால் இயந்திரத்தைவிடக் கெட்டிக்காரத்தனம், கட்டுவதற்குப் பல வருடம் முன்பே மக்களிடம் போய்ப் பேச ஆரம்பித்ததுதான்.