செட்சுபுன் அன்று ஜப்பானியர்கள் ஏன் சோயா பீன்ஸ் வீசுகிறார்கள்?

செட்சுபுன் என்றால் பருவங்கள் பிரியும் நாள். பழைய நாட்காட்டிப்படி வசந்தம் பிறப்பதற்கு முந்தைய நாள் அது. வெளியே இன்னும் பனி கொட்டிக்கொண்டிருக்கலாம், அது வேறு விஷயம்.

ஒரு பருவம் போய் இன்னொன்று வரும் இடைவெளியில் நோயும் கெட்டதும் உள்ளே புகுந்துவிடும் என்பது நம்பிக்கை. அந்தக் கெட்டதன் உருவம்தான் 'ஓனி', கொம்பு வைத்த அரக்கன். பெரும்பாலும் அப்பாதான் காகித முகமூடி மாட்டிக்கொண்டு மாட்டிக்கொள்வார். பிள்ளைகள் வறுத்த சோயா பீன்ஸை அவர் மேல் வீசி "ஓனி வா சோதோ, ஃபுகு வா உச்சி", அதாவது ஓனி வெளியே, நல்லது உள்ளே என்று கத்துவார்கள். அப்புறம் வயதுக்கு ஒன்று என எண்ணிச் சாப்பிடுவார்கள், சில ஊர்களில் ஒன்று கூடுதலாக. வறுப்பதற்கும் காரணம் உண்டு: பச்சையாக வீசினால் ஏதாவது மூலையில் கிடந்து முளைத்துவிடும், விரட்டிய கெட்டதே திரும்பி முளைத்த மாதிரி. சிலர் வாசலில் முள் இலைக் கிளையில் மத்தி மீன் தலையையும் செருகி வைப்பார்கள், அந்த நாற்றத்துக்கு ஓனி என்ன, யாருமே வரமாட்டார்கள்.

புது வீட்டில் சாமான் இறக்கும் முன் மூலை முடுக்கெல்லாம் பெருக்கித் தள்ளுவோமே, கிட்டத்தட்ட அதுதான்.

பிப்ரவரி 3 என்று பலர் நினைப்பதுபோல் இதற்கு நிலையான தேதி கிடையாது. சூரியனின் நிலையைப் பொறுத்து மாறும், 2021இலும் 2025இலும் பிப்ரவரி 2 அன்றே வந்தது.